மையா, மறுவா?

1

இந்தக் கதை ஒரு சீட்டிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நண்பர் வேதநாயகத்தின் பேரனுக்கு ஆறாம் மாதப் படம் எடுக்கத் தச்சநல்லூரில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போயிருந்தோம். எடுப்பதற்கு முன்னால் நிரப்பச் சொல்லி ஒரு சீட்டை நீட்டினார்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வாட்ஸப் எண், படத்தின் அளவு. ஐந்தாவது வரியில் இப்படி அச்சாகியிருந்தது: ‘முகத்தில் கறுப்பாக ஏதாவது இருந்தால், அது மையா, மறுவா?’ எதிரே இரண்டு கட்டங்கள்.

அரசாங்கப் படிவங்களைப் படித்துச் செய்தி எழுதியே எனக்கு இருபத்தைந்து வருடம் ஓடியிருக்கிறது. இவ்வளவு நேரடியான கேள்வியை எந்தப் படிவத்திலும் பார்த்ததில்லை. யார் எழுதியது என்று கேட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் தலையைத் திருப்பாமலே, “நான்தான் சார். ஒருக்கத் தப்பு பண்ணிட்டேன். அதுக்கப்புறம் அடிச்சது” என்றார்.

அந்தத் தப்புதான் இந்தக் கதை. (மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். இவர் மட்டும் மாற்ற வேண்டாம் என்றார். “தப்பு என்னோடது. பேரும் என்னோடதாவே இருந்துட்டுப் போட்டும்.” அதனால் வினோலியா வினோலியாவாகவே வருகிறார்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்:

‘தாமிரபரணி கரை தொட்டு ஓடிய ஓர் ஐப்பசிக் காலையில், வானம்—’

வேண்டாம். இந்தக் கதையில் ஆற்றுக்கு வேலை இல்லை. வினோலியா ஆற்றைக் கடப்பது காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, பேருந்து பாலத்தில் போகும் அரை நிமிடம். அப்போதும் அவள் கண் கைப்பேசியில் இருக்கும்.

இரண்டாவது தொடக்கம்:

‘பிள்ளை முகம் பால்நிலா என்று சொல்பவர்கள் அதை மூன்று மடங்கு பெரிதாக்கிப் பார்த்தவர்கள் அல்லர்.’

இது நடக்கும். இதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

வினோலியா பார்த்திருக்கிறாள். பத்து வருடமாக அவள் பார்ப்பது அதைத்தான். கடற்கரை ஊரிலிருந்து பாளையங்கோட்டைக்குப் படிக்க வந்து, படிப்பு முடிந்ததும் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். சிவசண்முகம் அண்ணாச்சி படம் எடுப்பார். இவள் முகம் துடைப்பாள். தன் நகத்தாலேயே கீறிக்கொண்ட கோடு, கொசு கடித்த தடிப்பு, எச்சில் ஊறிச் சிவந்த தாடை, கழுத்து மடிப்பில் திட்டுத் திட்டாகக் கட்டிய பவுடர், கண்ணோரம் பீளை, உச்சந்தலையில் உரியும் செதில். எந்தப் பிள்ளையும் துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி ஸ்டூடியோவுக்கு வருவதில்லை. பக்கத்தில் இருக்கும் நல்ல தோலில் கொஞ்சம் எடுத்து இங்கே ஒட்டுவது, ஓரத்தை இழைத்துவிடுவது. இவ்வளவுதான் வேலை. செய்தது தெரியாமல் செய்வதுதான் கஷ்டம்.

இதையெல்லாம் தானாகச் செய்கிற மென்பொருள் வந்து வருடங்கள் ஆகின்றன. அண்ணாச்சியும் வாங்கிப் போட்டார். அதற்குப் பிள்ளை முகத்தில் உள்ள எல்லாமே அழுக்கு. திருஷ்டிக்கு வைத்த மைப்பொட்டையும் சேர்த்து வழித்து எடுத்துவிட்டது. பெற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். “பொட்டில்லாத படத்தை ஊரெல்லாம் அனுப்பிருக்கேரே, பிள்ளைக்குக் கண்ணுபட்டா யாரு பொறுப்பு?” என்று சேரன்மகாதேவியிலிருந்து ஒரு தகப்பனார் பேருந்து பிடித்து வந்து கேட்டார். அன்றைக்கு அண்ணாச்சி ஒரு சட்டம் போட்டார்: சிவப்பைக் கண்டால் எடு, கறுப்பைக் கண்டால் தொடாதே.

வினோலியா அந்தச் சட்டத்தோடு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். அவசரத்தில் வைத்த பொட்டு ஓரம் கலைந்திருந்தால் அதை உருட்டிவிடுவாள். யாரும் கேட்டதில்லை. ஆனால் தாய்மார்களுக்குப் பிடித்திருந்தது.

3

(கதைக்குள் போகுமுன் ஒரு சிறு குறிப்பு. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

மறு என்றால் தோலில் உள்ள கறை. அதே சொல் ‘மீண்டும்’ என்றும் ஆகும். ‘முடியாது என்று சொல்’ என்றும் ஆகும். மை கன்னத்துக்கும் உண்டு, பேனாவுக்கும் உண்டு. ஆக, மையைத் தொட்டு மறுபடி மறுபடி எழுதுகிற நானும் ஒரு வகையில்—

இல்லை, இதை நீட்டினால் கட்டுரை ஆகிவிடும். ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் இரண்டு கேட்பார்கள். படத்தில் எடுத்துவிடச் சொன்ன மச்சத்தை அன்றைக்கு அக்குளிலும் முழங்காலிலும் தேடிப் பிடித்து எழுதித் தருவோம். மறுவோடு நமக்குள்ள உறவு அப்படிப்பட்டது.)

4

மேலப்பாளையத்திலிருந்து ரைஹானத் வந்தது ஒரு புதன்கிழமை. கூட மாமியார், இடுப்பில் ஏழு மாதப் பெண் பிள்ளை ஷம்ஸியா. கணவன் சிராஜுதீனுக்குச் சவூதியில், தம்மாமில் ஏசி பழுது பார்க்கிற வேலை. ரைஹானத்துக்கு ஐந்து மாதமாக இருந்தபோது விமானம் ஏறியவன். பிள்ளையை நேரில் பார்த்ததில்லை. இன்னும் மூன்று வாரத்தில் விடுப்பில் வரப்போகிறான்.

ஸ்டூடியோவில் அன்று கூட்டம். இரண்டு பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன, ஒன்று அழத் தயாராகிக்கொண்டிருந்தது. ரைஹானத் அண்ணாச்சியிடம் குரலைத் தாழ்த்தி, “முகத்துல ஒண்ணுமே இருக்கக் கூடாது அண்ணாச்சி” என்றாள். அண்ணாச்சி சீட்டில் ‘முகம் சுத்தம்’ என்று எழுதினார். எல்லாருக்கும் எழுதுவதைத்தான் எழுதினார். படத்தை எந்த எண்ணுக்கு அனுப்ப என்று கேட்டபோது மாமியார் முந்திக்கொண்டு, “எம் மவனுக்கே அனுப்பிருங்க வாப்பா. அவந்தான் கேட்டுக்கிட்டே இருக்கான்” என்று எண்ணைச் சொல்லிவிட்டார். ரைஹானத் வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். வினோலியாவுக்கு இது பின்னால்தான் ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை அந்தப் படம் அவள் திரைக்கு வந்தது. தாடையில் எச்சில் சிவப்பு, எடுத்தாள். நெற்றியில் கொசுக்கடி, எடுத்தாள். இடது கன்னத்தில் கறுப்பு. சட்டப்படி தொடக் கூடாது. ஆனால் அவரை விதை மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கொஞ்சம் வெளுத்து இருந்தது. அவள் அதை மிளகு மாதிரி வட்டமாக்கி, கறுப்பையும் ஒரு படி கூட்டினாள். நன்றாக வந்திருக்கிறது என்று மனசுக்குள் ஒரு திருப்திகூட. கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவதற்கான பெரிய படம் அச்சுக்குப் போனது. கைப்பேசிக்கான படம் தம்மாமுக்குப் போனது.

சாயங்காலம் சிராஜுதீனிடமிருந்து குரல் செய்தி. அண்ணாச்சி சத்தமாக வைத்தார்.

“அண்ணாச்சி, படம் ஜோரா இருக்கு, ரொம்ப சந்தோசம். ஆனா மை வைக்காம எடுக்கச் சொல்லிருந்தேன், வீட்டுல மறந்துட்டா போல. கம்ப்யூட்டர்ல அந்தப் பொட்டை மட்டும் எடுத்துட்டு ஒண்ணு அனுப்புவீங்களா? போன்ல எப்பப் பாத்தாலும் மையோடதான் இருக்கா. எம் பிள்ளை கன்னத்தை ஒருக்கயாது வெறுமனப் பாக்கணும்லா.”

“ஏளா வினோலியா, எடுத்து விட்டுரு. பொட்டு வேண்டாங்கிற மொத ஆளு இவருதான்” என்றார் அண்ணாச்சி.

தான் திருத்தாத மூலப் படத்தைத் திறந்து, கன்னத்தைப் பெரிதாக்கி, அழிக்கப் போனவள் கை நின்றது. மை தோலின் மேல் உட்காரும். எண்ணெய்ப் பசை இருப்பதால் விளக்கு வெளிச்சத்தில் ஒரு புள்ளி மினுங்கும். பூனைமுடி அதில் படிந்து ஒட்டிக்கொள்ளும். இதில் மினுக்கம் இல்லை. முடி அதற்குள்ளிருந்தே முளைத்து நேராக நின்றது. தோலின் சின்னச் சின்ன ரேகைகள் அதன் ஊடாகப் போயின.

அவள் அந்தப் பிள்ளையின் மற்றப் படங்களையும் திறந்தாள். முப்பத்தேழாவதில் ஷம்ஸியா வீறிட்டு அழுகிறாள். கண்ணீர் அந்தக் கறுப்பின் மேல் வழிந்து இறங்குகிறது. இறங்கிய கண்ணீர் கறுக்கவில்லை. கன்னத்தைத் தேய்த்த குஞ்சுக் கை, சுத்தமாக இருக்கிறது.

“அண்ணாச்சி, கம்ப்யூட்டர் இழுக்குது. நாளைக்கு அனுப்புவோம்” என்றாள்.

பிள்ளையைப் பெற்றவனுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்குப் பேருந்து பாலத்தைக் கடந்தபோது அவள் கைப்பேசியை எடுக்கவில்லை.

5

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் சட்டமிட்ட படத்தை வாங்க ரைஹானத் பிள்ளையோடு தனியாக வந்தாள். வினோலியா படத்தைத் திருப்பிக் காட்டினாள். ரைஹானத் படத்தைப் பார்த்தாள், இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

“என்ன யக்கா, எங்க பிள்ளைக்கு இருக்கதைவிட வடிவா ஆக்கி வச்சிருக்கீக.”

“மைன்னு நெனச்சிட்டேன் தாயி. ஓரம் கலைஞ்சிருக்குன்னு உருட்டி விட்டேன்.”

ரைஹானத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்குமுன் கண் நிறைந்துவிட்டது.

“அவுகளும் மைன்னுதான் நெனச்சிக்கிட்டு இருக்காக. பிள்ளையோட வாப்பா.”

பிள்ளை பிறந்த நாலாம் நாள்தான் முதல் வீடியோ அழைப்பு. அவன் வேலையிடத்தில், மொட்டை மாடியில் நிற்கிறான். கூட்டாளிகள் நாலு பேர் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறார்கள். படம் விட்டு விட்டு வருகிறது. “கன்னத்துல என்னதுட்டி அது?” என்று கேட்டான். குரலில் ஒரு பயம். மருத்துவர் அன்று காலையில்தான் ஒன்றும் பயப்பட வேண்டாம், பிறவி மறு, அதுபாட்டுக்கு இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதையெல்லாம் அந்த நாலு தலைகளுக்கு முன்னால் எப்படிச் சொல்ல? வலி, தூக்கமின்மை, பால் கட்டிய காய்ச்சல். “மை” என்றாள். அவன் அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டான்.

“நாளைக்குச் சொல்லிருவோம்னுதான் யக்கா இருந்தேன். நாளைக்கு, நாளைக்குன்னு ஏழு மாசம் ஆயிட்டு. போன்ல பிள்ளைக்கு முத்தம் குடுத்துட்டு, மை ஒட்டிக்கிட்டுன்னு உதட்டைத் தொடச்சிக்கிடுவாக. நானும் கூடச் சிரிப்பேன்.”

“வீட்டுல வேற யாரும் சொல்லலியா?”

“மாமி நான் சொல்லிருப்பேன்னு நெனச்சாக. நாத்தனா மாமி சொல்லிருப்பாகன்னு நெனச்சா. மறுவு இருக்கது ஒண்ணுமில்ல யக்கா, அவுக அதுக்கெல்லாம் கோவப்பட மாட்டாக. ஏழு மாசமா ஒருத்தி வாய் கூசாம மைன்னு சொல்லிருக்காளே, இன்னும் எதெதுல சொல்லிருக்காளோன்னு தோணுச்சுன்னா? தோணிட்டா பொறவு எதை வச்சு அழிக்க?”

6

இங்கே ஒரு ஒப்புதல். முதல் வரைவில் நான் இந்த மாமியாரைக் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். கிரகணத்தன்று வெளியே போகாதே என்று சொன்னேன், கேட்டாயா, பிள்ளை கன்னத்தில் விழுந்துவிட்டது பார் என்று ஒரு பக்கத்துக்கு அவர் பேசினார். நன்றாகவே பேசினார். வினோலியாவிடம் போனில் வாசித்துக் காட்டினேன்.

“அந்தம்மா அப்படிப்பட்டவுக இல்ல சார். பேறுகாலத்துல கோழிச் சாறு வச்சு அவுகதான் ஊட்டி விட்டாகளாம். ஒரு பொய்க்கு ஒரு கெட்டவ வேணுமா உங்களுக்கு?”

வேண்டாம்தான். பக்கத்தைக் கிழித்தேன். அந்தக் கேள்விக்கு நன்றி சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு நல்ல மனுஷி மேல் நான் வைத்த மை அப்படியே அச்சாகியிருக்கும். ரைஹானத்தின் பொய்க்குப் பின்னால் கொடுமை எதுவும் இல்லை. எட்டிப் பார்த்த நாலு தலைகளும் ஒரு மோசமான இணைப்பும் இருந்தன. நீங்களும் நானும் இதைவிடச் சின்னக் காரணத்துக்குப் பொய் சொல்லியிருக்கிறோம்.

7

வினோலியா மிச்சத்தைச் சொல்லக் கேட்டதும் ரைஹானத் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். படம் ஏற்கெனவே தம்மாமுக்குப் போய்விட்டது. மையை எடுக்கச் சொல்லி அங்கிருந்து செய்தியும் வந்துவிட்டது.

“எடுத்து அனுப்பிருங்க யக்கா. உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“அரை நிமிசம்.”

“அப்போ எடுத்துருங்க.”

“எடுத்துருவேன். மூணு வாரத்துல அவரு வந்து பிள்ளையைக் கையில வாங்குவாரே, அந்த அரை நிமிசத்துல நான் எங்கன இருப்பேன்?”

ஷம்ஸியா மேசையிலிருந்த பேனாவைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தாள். அண்ணாச்சி உள்ளேயிருந்து வந்தவர் பாதியைக் கேட்டு, மீதியைப் புரிந்துகொண்டார்.

“பத்து வருசமா பிள்ளை மூஞ்சியைத்தான் பாக்கே. மைக்கும் மறுவுக்கும் வித்தியாசம் தெரியல உனக்கு.”

“நான் படத்துல பாத்தேன் அண்ணாச்சி. நீங்க நேர்ல பாத்தீக.”

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

முதல் முடிவை இந்த இடத்தில்தான் எழுதினேன்: ‘வினோலியா அழித்தாள். கன்னம் வெளுத்தது. படம் கடல் தாண்டிப் போனது. மூன்று வாரம் கழித்து விமான நிலையத்தில், தகப்பன் பிள்ளையின் கன்னத்தைக் கட்டைவிரலால்—’ இது ஒரு திருப்பம், வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அந்தக் கட்டைவிரல் எனக்குக் கூசியது.

இரண்டாவது முடிவில் வினோலியாவே சிராஜுதீனை அழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். அதை அவளிடம் வாசித்தபோது, “அடுத்தவ புருசன்கிட்ட நான் எதுக்கு சார் பேசணும்?” என்றாள். அதுவும் போயிற்று.

நடந்ததை எழுதுகிறேன்.

ரைஹானத் படத்தை மேசையில் நிமிர்த்தி வைத்தாள். பிறகு சொன்னாள்: “நீங்க மட்டும் ஒழுங்கா வேலை பாத்திருந்தீகன்னா, மறுவு இல்லாத படம் அன்னைக்கே போயிருக்கும். நானும் பேசாம இருந்திருப்பேன். ஏழு மாசப் பொய்யில ஒங்க கையெழுத்தும் விழுந்திருக்கும். நல்லவேளைக்குத் தப்பு பண்ணீக யக்கா. அல்லா ஒங்களை நல்லா வச்சிருக்கணும்.”

வேலையில் செய்த தவறுக்காக இப்படி ஒரு வாழ்த்தை வாங்கிய ஆள் திருநெல்வேலிச் சீமையில் வேறு யாரும் இருப்பார்களா, தெரியவில்லை. அதற்கு வினோலியா, “தண்ணி குடிக்கியா?” என்று கேட்டிருக்கிறாள்.

“மை அழிக்க என்ன வச்சிருக்கீக இங்கன?”

“தேங்காண்ணையும் பஞ்சும்.”

“கொஞ்சம் குடுங்க.”

8

வெள்ளிக்கிழமை தம்மாமில் விடுமுறை. சிராஜுதீன் அறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தான். ரைஹானத் கைப்பேசியைப் படச் சட்டத்தில் சாய்த்து நிறுத்தி, பிள்ளையை மடியில் வைத்து அழைத்தாள். வினோலியா மேசைக்கு இந்தப் பக்கம். அவளுக்குத் தெரிந்தது கைப்பேசியின் முதுகு மட்டும்.

“என்னட்டி, ஸ்டூடியோவுலயா இருக்க? அந்தப் படம் வந்துட்டு. மை வச்சே எடுத்துட்டீக.”

“மை இல்லாமப் பாக்கணும்னீகளே மச்சான். பாத்துக்கிடுங்க.”

பஞ்சை எண்ணெயில் தொட்டு, பிள்ளையின் இடது கன்னத்தில் வைத்துப் பையத் துடைத்தாள். ஷம்ஸியாவுக்குக் கூச்சம், கழுத்தைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள். தம்மாமிலும் ஒரு சிரிப்பு கேட்டது. ரைஹானத் இன்னொரு தடவை துடைத்தாள். மூன்றாம் தடவை கொஞ்சம் அழுத்தி. எண்ணெய் பட்டுக் கன்னம் பளபளத்தது. மறு முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அங்கிருந்து வந்த சிரிப்பு நின்றுவிட்டது.

ரைஹானத் பஞ்சைத் திருப்பிக் கைப்பேசிக்கு நேரே பிடித்தாள். பஞ்சு வெள்ளையாக இருந்தது.

தம்மாமில் யாரோ குழாயை மூடுகிற சத்தம் வினோலியாவுக்குக் கேட்டது.

9

அதற்கப்புறம் சிராஜுதீன் பேசினான். என்ன பேசினான் என்று வினோலியாவுக்குத் தெரியும். எனக்கும் சொன்னாள். எழுதுவதற்கு முன் ரைஹானத்திடம் கேட்க வேண்டும் அல்லவா, கேட்டேன். போனில் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். மாமியாரைக் கிழித்துப் போட்டதற்கு நன்றி சொன்னாள். அவளுக்குப் பின்னால் ஒரு பிள்ளை, வாப்பா, வாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நேரில் நிற்பவரையா, வேறொரு போனில் இருப்பவரையா என்று தெரியவில்லை. கேட்பது என் தொழில். அன்றைக்குக் கேட்கவில்லை.

“எல்லாத்தையும் எழுதிக்கிடுங்க. அவுக சொன்னதை மட்டும் எழுதாதீக. அது எனக்கு வந்தது” என்றாள்.

அப்படி ஒரு வாசலை அடைத்ததற்காக அவளுக்கு நன்றியோடு இருக்கிறேன். நான் எழுதியிருந்தால் அந்த வார்த்தைகளின் ஓரத்தைக் கொஞ்சம் உருட்டியிருப்பேன்.

அதனால் கைப்பேசியை உங்கள் கையில் தருகிறேன். நீங்கள் தம்மாமில் இருக்கிறீர்கள். முழங்கைவரை சோப்பு நுரை. இன்றைக்கு இணைப்பு அருமையாக இருக்கிறது, ஒரு கோடுகூட விட்டுப்போகவில்லை. உங்கள் மகள் எண்ணெய்க் கன்னத்தோடு பஞ்சைப் பிடுங்கப் பார்க்கிறாள். உங்கள் மனைவி உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். யோசித்தே சொல்லுங்கள். ஆனால் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் இன்னும் மூச்சு விடவில்லை.